பேட்ஸே மலை விஹாரம்

புணேயிலிருந்து லோணாவளா செல்லும் இருப்புப்பாதையில் காம்ஷேத் நிலையத்தில் இறங்கி, பவனா ஆற்றுப் பள்ளத்தாக்கினுட் சென்றால் பேட்ஸே குன்று தோன்றும். சுமார் 400 படிகள். கார்லாவிற்குத் திரளும் கூட்டம் இங்கு வருவதில்லை.

இது கி.மு. முதல் நூற்றாண்டில் குடையப்பெற்றது. முன்பாறையை முழுதும் அகற்றாது விட்டமையால், இடுக்கு வழியே நுழைந்த பின்னரே சைத்தியத்தின் தூண்கள் புலப்படும். அவற்றின் உச்சியில் யானை, குதிரை, எருதுகளின் மீதமர்ந்த ஆண் பெண் உருவங்கள். பக்கத்து விஹாரம் பின்புறம் அரைவட்டமாய் வளைந்தது. குடைவிஹாரங்களில் இவ்வமைப்பு அரிது. பிக்ஷுக்களுக்குக் கல்லே மஞ்சம்.

எனினும் நாம் கற்க வேண்டியது கல்வெட்டுகளை. நாசிக் நகரத்து ஆனந்த செட்டியின் மகன் புஸணகனது தானம் என்கிறது ஒன்று. மற்றொன்று, வனவாசியாய்ப் பிச்சையேற்று உண்ட கோபூதி தேரரின் ஸ்தூபியிலுள்ளது; அதனைச் செய்வித்தவர் அவர் மாணாக்கர் ஆஸாளமிதர். செல்வன் மகன் பெயரும், திருவோடன்றி உடைமையற்றவர் பெயரும் ஒரே குன்றில் நிலைத்துள்ளன! ஆலையில் தறியோட்டி வாழ்ந்த எனக்குக் கோபூதியின் எழுத்தே பெரிது.

நாகப்பட்டினத்து விஹாரக் கோபுரத்தை 1867-ல் இடிக்கக் கொடுத்தவர் தமிழராகிய நாம். ஆதலின் பேட்ஸே செல்வோர், உல்லாசப் பயணிகள் போலச் சுவரில் தம் பெயரைக் கீறாதிருப்பாராக, கீறுவோரைத் தடுப்பாராக. நீர்த்தொட்டியருகே, அதனைத் தானமளித்த சாமடினிகா எனும் மாதரசியின் எழுத்தும் உண்டு. பிராமி எழுத்தறிந்தார் ஒருவரை உடனழைத்துச் செல்க. முகப்பு கிழக்கு நோக்கியது. காலை வெயிலிற் படித்தல் எளிது.