விடிவெள்ளியும் தீக்குச்சியும்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

கிரேக்கப் புராணங்களில் சீயஸ், அப்போலோ போன்ற பெருந்தெய்வங்களை நாம் அறிவோம். அவர்களுக்கு இடையே பாஸ்பரஸ் என்னும் சிறு தெய்வமும் உண்டு. 'ஒளியைக் கொண்டு வருபவன்' என்பது அப்பெயரின் பொருள். அவன் வைகறைத் தேவி ஈயோசின் மகன். நாம் விடிவெள்ளி என்று அழைக்கும் வெள்ளிக் கோளையே கிரேக்கர் இவ்வாறு உருவகித்தனர். மாலையில் மேற்கே தோன்றும் வெள்ளியை ஹெஸ்பரஸ் என்னும் வேறு தெய்வமாகக் கருதினர். இரண்டும் ஒன்றே என்பதைப் பின்னரே உணர்ந்தனர்.

1669-இல் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் பொன் செய்யும் ஆசையில் சிறுநீரைக் காய்ச்சினார். பொன் கிடைக்கவில்லை, இருளில் ஒளிரும் மெழுகு போன்ற பொருள் ஒன்று கிடைத்தது. விடிவெள்ளியின் பெயரே அதற்கு வாய்த்தது.

வானில் ஒரு பொருளுக்கு இரு பெயர்கள். இங்கோ ஒரு பெயருக்குள் இரு வடிவங்கள்! வெள்ளைப் பாஸ்பரஸ் கொடிய நஞ்சு; காற்றில் 30 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலேயே தீப்பிடிக்கும். நம்மூர்ச் சித்திரை வெயிலே அதற்குப் போதும். அணுக்கள் சங்கிலியாய்ப் பிணைந்த சிவப்புப் பாஸ்பரசோ சுமார் 250 டிகிரி வரை தாங்கும்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஐரோப்பாவில் வெள்ளைப் பாஸ்பரசைக் கொண்டே தீக்குச்சி செய்தனர். அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளரின் தாடை எலும்பு அழுகியது. 1888-இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இக்கொடுமையும் வெளிச்சத்துக்கு வந்தது. 1906-இல் பெர்ன் உடன்படிக்கையும், 1913-இல் இந்தியச் சட்டமும் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்தன. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பியது 1923 வாக்கில்தான். சட்டம் பத்தாண்டு முந்தியதால் நம் தாய்மார்களின் தாடைகள் தப்பின.

இன்றைய தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் உள்ளன. பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரசும் கண்ணாடித் தூளும் உள்ளன. உரசும் வெப்பத்தில் சிவப்புப் பாஸ்பரசில் துளியளவு வெள்ளையாக மாறித் தீப்பற்றுகிறது. குளோரேட்டையும் சிவப்புப் பாஸ்பரசையும் ஒன்றாய்க் கலந்தால் இலேசான உரசலிலேயே வெடிக்கும். ஆகவேதான் ஒன்று குச்சியிலும் மற்றொன்று பெட்டியிலுமாகப் பிரிந்திருக்கின்றன.

என் தாயார் தீப்பெட்டி ஆபீசில் பல ஆண்டுகள் குச்சி அடுக்கியவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். பெட்டியில் தடவுவது என்னவென்று அவரைக் கேட்டால் 'மருந்து' என்பார். குச்சியில் முக்குவதைக் கேட்டாலும் 'மருந்து' என்பார். பட்டாசு ஆபீசிலும் அதே சொல்தான். சேரக்கூடாத பொருள்களுக்கு ஒரே பெயர் இருப்பது ஆபத்து அன்றோ?

நண்பர்களே! விடிவெள்ளி தெரியும் நேரத்தில் வேலைக்குப் புறப்படும் நம் வீட்டாருக்கு, எது எதனோடு சேரக்கூடாது என்பதைப் பெயர் சொல்லி எளிய தமிழில் விளக்குவோம். வேதியியல் கற்கும் நமக்கு அதுவே முதற்கடமை.