குளிர்ந்த எஞ்சினின் நடுக்கம்: காரணம் காணும் முறை

நம் பழைய மாணவருள் மொறிஸ் மைனர் ஓட்டியவர் சிலர் இருப்பர். காலையில் 'சோக்' குமிழை வெளியே இழுத்து எஞ்சினை முடுக்குவதும், அது சூடேறியபின் குமிழை மெல்ல உள்ளே தள்ளுவதும் அவர்தம் வழக்கம். இன்று எங்கும் ஓடுகின்ற, பின்கதவு மேலே திறக்கும் 'ஹாச்பாக்' சிறுகார்களில் அக்குமிழ் இல்லை. அன்று ஓட்டுநரின் கை செய்த தொழிலை இன்று ஒரு சிறு கணினி செய்கின்றது. குமிழ் மறைந்ததேயன்றி அதன் தேவை மறைந்திலது. இதனை உணர்ந்தார்க்குக் குளிர்ந்த எஞ்சினின் நோய்களுட் பாதி எளிதில் விளங்கும்.

யாழ்ப்பாணத்திற் குளிர் ஏது எனச் சிலர் வினவலாம். எஞ்சின் செவ்வனே தொழிற்படுதற்குரிய வெப்பம் ஏறக்குறைய 90 பாகை செல்சியஸ் ஆகும். இரவு முழுதும் நின்ற வண்டி யாழ்ப்பாணத்தில் 28 பாகையில் இருப்பினும், நுவரெலியாவின் தைமாதக் காலையில் 10 பாகையில் இருப்பினும், இரண்டும் எஞ்சினுக்குக் குளிரே. பெற்றோல் ஆவியாகிக் காற்றொடு கலந்தே நன்கு எரியும். சூடேறிய எஞ்சினில், நிறைப்படி 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெற்றோல் போதும். குளிர்ந்த எஞ்சினிலோ பெற்றோலின் ஒரு பகுதி ஆவியாகாது உலோகச் சுவரிற் படிந்துவிடும். ஆதலின் அதனைச் சற்று மிகுதியாக ஊட்டல் வேண்டும்.

எவ்வளவு மிகுதி என்பதைக் கணினி பெரிதும் ஒரு வெப்ப உணரியின் வாயிலாகவே அறிகின்றது. எஞ்சினைச் சூழ்ந்தோடும் குளிராக்கி நீரில் அவ்வுணரி அமைந்துள்ளது. பல வண்டிகளில் அதன் மின்தடை 20 பாகையில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 பாகையில் ஏறக்குறைய 300 ஓமும் ஆகும். உணரி பழுதுற்றுக் குளிர்ந்த எஞ்சினைச் சூடானது எனக் காட்டின், பெற்றோல் குறைந்து எஞ்சின் காலையில் இடறும். சூடானதைக் குளிர்ந்தது எனக் காட்டின், பெற்றோல் மிகுந்து கரும்புகை எழும்; பிளக்கிற் கரி படியும். இதனைச் சோதித்தல் எளிது. இரவு முழுதும் நின்ற வண்டியில், ஸ்கானர் காட்டும் குளிராக்கி வெப்பம் வெளிக்காற்றின் வெப்பத்தை ஒத்திருத்தல் வேண்டும்.

குளிராக்கி நீர் ரேடியேற்றருக்குச் செல்லும் வழியைத் திறந்து மூடுவது தேமோஸ்ரற் ஆகும். 'வெப்பநாட்டுக்கு இது வேண்டாம்' எனச் சிலர் அதனைக் கழற்றிவிடுவர். இது பெரும் பிழை. அதனை இழந்த எஞ்சின் உரிய வெப்பத்தை அடையக் காலந் தாழ்க்கும், பெற்றோல் வீணாகும், எரியாத பெற்றோல் எண்ணெயிற் கலந்து தேய்வை விளைக்கும்.

இனி, எஞ்சின் நடுங்கினால் நோயை ஆராயும் முறையைக் காண்போம். மலையிற் புகை கண்டு தீ உண்டெனத் துணிவது நியாய நூலார் காட்டும் அனுமானம். பனியைப் புகையென மயங்கினவர் இல்லாத தீயைத் தேடி அலைவர். ஸ்கானர் காட்டும் பழுதுக்குறி புகை போன்றது, அதுவே தீயன்று. 'பி 0171' என்னும் குறி பெற்றோலின் அளவு காற்றுக்குக் குறைந்தது என்று மட்டுமே கூறும். காற்றுக்குழாயின் வெடிப்போ, பெற்றோல் பம்பின் தளர்ச்சியோ, வேறொன்றோ காரணமாகலாம். நின்றோடும்போது நடுங்கி, வேகங் கூட்டியதும் சீராகுமாயின், காற்றுக்கசிவை முதலில் ஐயுறுக.

'பி 0302' என்பது இரண்டாம் சிலிண்டரில் எரிவு தவறுகின்றது எனக் குறிக்கும். சிலிண்டர்தோறும் தனிக் கொயில் உள்ள வண்டியாயின், எஞ்சினை நிறுத்தியபின் இரண்டாவதன் கொயிலையும் மூன்றாவதன் கொயிலையும் இடம் மாற்றுக. பழுது 'பி 0303' என இடம்பெயரின் கொயிலே குற்றவாளி. பெயராதாயின் அவ்வாறே பிளக்கையும் மாற்றிப் பார்க்க. அதன்பின்னும் பெயராதாயின் இன்ஜெக்ரரையும் சிலிண்டரின் அழுத்தத்தையும் சோதித்தல் வேண்டும்.

இம்முறையை நான் கற்றது பொருளிழந்தே. மூன்று சிலிண்டர் கொண்ட என் சிறுகார் காலைதோறும் இரண்டு நிமிடம் நடுங்கிப் பின் சீராகும். கராச்சில் பிளக்குகளை மாற்றினர், பின்னர் பம்பை மாற்றினர், நடுக்கம் மாறவில்லை. குளிராக்கி நீர் வாரந்தோறும் சிறிது குறைந்தமையையும், காலைப் புகை வெண்மையாய் இருந்தமையையும் நான் கண்டும் பொருட்படுத்தவில்லை. சிலிண்டர் தலையின் கஸ்கெற் பழுதுற்று, நீர் இரவிற் கசிந்து ஒரு சிலிண்டருள் இறங்கியிருந்தது. அஃது அறியப்படுமுன் எஞ்சின் ஒருநாள் நெடுவழியிற் கொதித்துச் சிலிண்டர் தலையும் வளைந்துவிட்டது. போத்தலில் நீர்மட்டத்தை நாடோறும் குறித்திருந்தால் அச்செலவு நேர்ந்திராது.

சில எச்சரிக்கைகளும் உள. எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னினால் எரியாத பெற்றோல் புகைக்குழாயின் வினையூக்கியைச் சூடேற்றி அழிக்கும். உடனே வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்துக. சூடான ரேடியேற்றரின் மூடியைத் திறவற்க. கதவடைத்த கொட்டகையில் எஞ்சினை ஓடவிடற்க; மணமற்ற காபனோரொட்சைட்டு உயிரைக் கொல்லும்.

மாணவர்காள்! எப்போது நடுங்குகின்றது, குளிர்நிலையிலா சூட்டிலா, நின்றோடும்போதா பாரமேற்றும்போதா என முதலிற் குறித்துக்கொள்க. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக. மாற்றியபின் விளைவை நோக்குக. ஆய்வுகூடத்தில் நாம் பயின்ற ஒழுங்கு இதுவே. அதனைக் கைவிட்டுப் பொருத்துறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்குபவன் நோயைத் தீர்ப்பதில்லை. தன் பணப்பையையே தீர்க்கின்றான்.