நாயோடு ஓடும் பந்தயம்

“நாய் வாலை நிமிர்த்த முடியாது” என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் நாய்க்கு எதையும் கற்றுக் கொடுக்க முடியாது என்று அதற்குப் பொருள் கொண்டால் அது பெரும் பிழையாகும். பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் நால்வர் இந்த ஆண்டு செவலை என்னும் நாய்க்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் புறப்பட்டோம். முடிவில் அதனிடம் நாங்களே பாடம் கற்றுத் திரும்பினோம். அந்த வரலாற்றையும், அதற்குக் காரணமான ‘அஜிலிட்டி’ என்னும் விளையாட்டையும் பற்றி இங்கே எழுதுகிறோம்.

போட்டி பிறந்த கதை

இங்கிலாந்தில் ‘கிரஃப்ட்ஸ்’ என்ற புகழ்பெற்ற நாய்க் கண்காட்சி ஆண்டுதோறும் நடைபெறுகிறது. 1978ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பியா அரங்கில் அது நடந்தபோது, இரு நிகழ்ச்சிகளுக்கு இடையே பார்வையாளர் சலிப்படையாதிருக்க ஏதேனும் வேண்டுமென்று விழாக் குழுவைச் சேர்ந்த ஜான் வார்லி எண்ணினார். குதிரைகள் தடை தாண்டும் போட்டியை நாய்களுக்கேற்ப மாற்றினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. பீட்டர் மீன்வெல் என்ற பயிற்சியாளர் அதற்கு உருவம் கொடுத்தார். இடைவேளையை நிரப்ப வந்த விளையாட்டு, மக்கள் உள்ளத்தையே நிரப்பிவிட்டது! 1980இல் இங்கிலாந்தில் அதற்கு முறையான விதிகள் வந்தன. 1996இல் சுவிட்சர்லாந்து நாட்டின் மோர்ஜ் நகரில் உலகப் போட்டியே நடைபெற்றது.

தடைகளும் விதிகளும்

போட்டிக் களத்தில் பதினைந்து முதல் இருபத்திரண்டு தடைகள் வரை எண்ணிட்டு வைக்கப்பட்டிருக்கும். தாண்டுவதற்குக் குறுக்குக் கம்புகள். நுழைவதற்கு வளைந்த துணிக் குழாய். பாய்வதற்குத் தொங்கும் வளையம். ஏறி இறங்கக் கூரை போன்ற இரு சரிவுப் பலகைகள். நடப்பதற்கு ஓர் அடி அகலமே உள்ள பாலம். ஒரு முனை ஏறினால் மறு முனை இறங்கும் சீசாப் பலகை. இவற்றோடு 60 செ.மீ. இடைவெளியில் நட்ட பன்னிரண்டு கழிகளும் உண்டு. அவற்றினூடே நாய் பாம்பு போல் வளைந்து வளைந்து ஓட வேண்டும். முதல் கழி எப்போதும் அதன் இடப்புறம் இருக்க வேண்டும்.

கம்பைத் தட்டிவிட்டால் ஐந்து குற்றப் புள்ளிகள். தடையின் முன் வந்து தயங்கி நின்றாலோ விலகினாலோ அதற்கும் ஐந்து. அவ்வாறு மூன்று முறை மறுத்தாலும், வரிசை மாறி ஓடினாலும் போட்டியிலிருந்தே நீக்கம். பலகைகளின் முனைகளில் வேறு நிறம் தீட்டியிருப்பார்கள். இறங்கும்போது அந்த இடத்தில் பாதம் பட்டாக வேண்டும். நாய் உயரத்திலிருந்து குதித்துக் காலை முறித்துக் கொள்ளக் கூடாது என்பதற்காகவே இந்த விதி. குற்றப் புள்ளி குறைந்த நாய் வெல்லும். புள்ளி சமமானால் விரைவாக முடித்த நாய் வெல்லும்.

நாயின் தோள் உயரத்திற்கு ஏற்பப் பிரிவுகள் உண்டு. ஆகவே சிறிய நாய் பெரிய நாயோடு மோத வேண்டியதில்லை. உலகப் போட்டி விதிப்படி பதினெட்டு மாதம் நிரம்பாத நாய் கலந்துகொள்ள முடியாது. வளரும் எலும்புக்கு ஓயாத தாவல் தீங்கு என்பதே காரணம்.

இனி வியப்பான செய்தியைக் கேளுங்கள். களத்தில் நாயின் கழுத்தில் கயிறு இருக்கக் கூடாது. ஓட்டுபவர் நாயைத் தொடக் கூடாது. கையில் தின்பண்டமும் கூடாது. குரலும் கையசைவும் காலடியுமே அவருக்குக் கருவிகள். போட்டிக்கு முன் அவர் மட்டும் நாயின்றிக் களத்தை நடந்து பார்த்து வழியை மனப்பாடம் செய்வார். வழி தெரிந்தவர் அவர். ஓடத் தெரிந்தது நாய். இருவரும் சேர்ந்தால்தான் ஓட்டம்.

உத்திரமேரூரில் வளரும் எங்களுக்கு விதிகள் என்றால் மதிப்பு அதிகம். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், குடவோலைத் தேர்தலின் விதிகளை ஊரார் அறியக் கல்லில் வெட்டி வைத்த ஊரல்லவா இது! யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைத்தால்தான் போட்டி நேர்மையாக நடக்கும். அது சபைக்கும் பொருந்தும், விளையாட்டுக்கும் பொருந்தும்.

நாட்டு நாய்க்கு இடமுண்டா?

“இவையெல்லாம் வெளிநாட்டு உயர்சாதி நாய்களுக்குத்தான்” என்று சிலர் எங்களிடம் கூறினர். அமெரிக்காவின் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் 2024ஆம் ஆண்டு அஜிலிட்டிப் போட்டியில் வென்றது ‘நிம்பிள்’ என்ற ஒரு கலப்பின நாய். அங்கே கலப்பின நாய் ஒன்று அந்தப் பட்டத்தைப் பெற்றது அதுவே முதல் முறை.

நம் நாட்டிலும் சான்று உண்டு. மத்தியப் பிரதேசத்தில் குவாலியரை அடுத்த தேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் நாய்ப் பயிற்சி மையம் 1970 முதல் இயங்கி வருகிறது. அப்படையைச் சேர்ந்த ‘ரியா’ என்ற நாய், 2024இல் லக்னோவில் நடந்த அகில இந்தியக் காவல்துறைப் பணித்திறன் போட்டியில் அயல்நாட்டு இனங்களை வென்று முதலிடம் பெற்றது. ரியா, கர்நாடகத்தின் முதோல் இனத்தைச் சேர்ந்த நம் நாட்டு நாய்! நம் தமிழகத்திலும் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று பெயர் பெற்ற இனங்கள் உள்ளன. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளில் இராஜபாளையமும் முதோலும் இடம் பெற்றன.

செவலையோ இவற்றுள் எந்த இனமும் அன்று. ஏரிக்கரைத் தெருவில் பிறந்து, எங்கள் தோழியின் வீட்டில் வளரும் மூன்று வயதுப் பெட்டை நாய்.

எங்கள் முயற்சியும் எங்கள் பிழையும்

பள்ளி விளையாட்டு விழாவில் செவலையை ஓடவிட வேண்டும் என்று நாங்கள் அனுமதி கேட்டபோது எளிதில் கிடைக்கவில்லை. ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தியை முந்தின ஆண்டு தெருநாய் ஒன்று கடித்து, அவள் ஊசி போட்டுக்கொண்டவள். நாயைக் கண்டாலே சுவரோடு ஒட்டிக்கொள்வாள். அவளுடைய தாயார், “பிள்ளைகள் படிக்கிற இடத்தில் நாய் எதற்கு, சிஸ்டர்?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

அறிவியல் சிஸ்டர் எங்களை அழைத்து மூன்று நிபந்தனைகள் விதித்தார்கள். செவலைக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுச் சான்று காட்ட வேண்டும். விழா நாள் தவிர மற்ற நாட்களில் பள்ளிக்குள் நாய் வரக் கூடாது. அதன் மீது கம்போ கல்லோ படக் கூடாது. மூன்றுக்கும் உடன்பட்டோம்.

எங்கள் தோழியின் அப்பா அறுவடை முடிந்த களத்தைக் கொடுத்தார். சவுக்குக் கழிகளை நட்டோம். பழைய டிராக்டர் டயரை வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். உரச்சாக்குகளைத் தைத்துக் குழாய் செய்தோம். கட்டுமானப் பலகையை மரக்கட்டை மேல் வைத்துச் சீசா ஆக்கினோம். டீக்கடைப் பொறைதான் பரிசு. சரியாகச் செய்த அந்த நொடியே ஒரு துண்டு. தவறினால் ஒன்றுமில்லை, திட்டும் இல்லை.

இரண்டு வாரத்தில் செவலை தாவியது, நுழைந்தது, கழிகளில் வளைந்தது. எங்களுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. ஒரு நாள் மாலை சீசாவில் அது ஏறத் தயங்கியபோது நாங்கள் நால்வரும் ஒரே நேரத்தில் கத்தினோம். எங்களில் ஒருத்தி கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தாள். பலகை படாரென்று சாய, செவலை உருண்டு விழுந்தது. அடி படவில்லை, ஆனால் அஞ்சிப் போயிற்று. பத்து நாட்கள் அது களத்தின் பக்கமே வரவில்லை. பொறையை நீட்டினாலும் தொலைவில் நின்று எங்கள் கைகளையே பார்த்தது.

மூன்றாவது நிபந்தனையில் கம்பும் கல்லும் மட்டுமே சொல்லப்பட்டிருந்தன. எங்கள் கையைப் பற்றி ஒன்றும் இல்லை. எனினும் நிபந்தனையை மீறிவிட்டோம் என்பது எங்களுக்கே தெரிந்தது. சிஸ்டரிடம் சென்று ஒப்புக்கொண்டோம். “அது உங்களை மன்னிக்க நாளாகும். அதுவரை நீங்கள் காத்திருக்கக் கற்றுக்கொள்ளுங்கள்” என்று மட்டும் சொன்னார்கள்.

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம். பலகையைத் தரையிலேயே வைத்தோம். பிறகு அதன் அடியில் ஒரு செங்கல். சில நாள் கழித்து இரண்டு. பலகை விழும் ஓசை கேளாதிருக்க முனைகளுக்கு அடியில் வைக்கோல் பரப்பினோம். ஆணையிடுபவள் ஒருத்தி மட்டுமே. “ஏறு” என்றால் என்றும் “ஏறு”தான். முனைகளில் தீட்டிய சிவப்பு வண்ணத்தையும் மாற்றினோம். நாய்களின் கண்ணுக்கு மஞ்சளும் நீலமும் நன்கு தெரியும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம் என்று சிஸ்டர் வகுப்பில் விளக்கியிருந்தார்கள். ஆகவே மஞ்சள் பூசினோம். நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்க்காது, மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணிக்கும் என்பதால் வெயில் ஏறுமுன் பயிற்சியை முடித்தோம்.

விழா நாள்

விழாவில் எட்டுத் தடைகள் வைத்தோம். செவலை ஆறு தடைகளைக் குறையின்றிக் கடந்தது. ஏழாவது சீசா. அதன் முன் வந்து நின்றுவிட்டது. கூட்டம் “ஏறு, ஏறு” என்று ஆரவாரித்தது. ஓட்டிச் சென்றவளுக்கு இழுக்க வேண்டும் என்றுதான் கை துடித்ததாம். ஆனால் அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். செவலை அவளைப் பார்த்தது, பலகையைப் பார்த்தது. பிறகு தானாகவே ஏறி, நடுவில் நின்று, பலகை சாயும்வரை பொறுத்து, மஞ்சளில் பாதம் பதித்து இறங்கியது. தயங்கி நின்றதற்கு ஐந்து குற்றப் புள்ளி. எதிர்த்து ஓட வேறு நாயும் இல்லை, ஆகவே பரிசும் இல்லை. எங்களுக்கோ அது உலகக் கோப்பை!

மறுநாள் அந்த ஆறாம் வகுப்புத் தங்கை எங்கள் வகுப்பு வாசலுக்கு வந்தாள். தாளில் சுற்றிய பொறை ஒன்றை நீட்டி, “இதை அதுக்குக் குடுங்க அக்கா. நான் கிட்ட வரமாட்டேன்” என்றாள். அச்சம் ஒரே நாளில் அகலாது. செவலைக்கும் அப்படித்தானே இருந்தது?

தங்கையர்க்குச் சில சொற்கள்

நாயிடம் அன்பு காட்டுங்கள்; எச்சரிக்கையும் கொள்ளுங்கள். அறிமுகமில்லாத நாயையும், உண்ணும் நாயையும், குட்டி போட்ட நாயையும் நெருங்காதீர்கள். கடியோ கீறலோ பட்டால் மறைக்காமல் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் பூசாமல் அன்றே மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் குறிக்கும் நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொள்ளுங்கள். 1885இல் லூயி பாஸ்டர் முதன்முதலாகச் சிறுவன் ஒருவனைக் காத்த தடுப்பூசி, இன்று நமக்கு அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கிறது. நோய் முற்றிய பின் மருந்தில்லை. முன்னரே போட்டால் அச்சமில்லை.

கயிறு இல்லாமல், கை படாமல், ஓர் உயிரை நம்மோடு ஓடி வரச் செய்ய வேண்டுமானால் முதலில் அது நம்மை நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையை ஒரே இழுப்பில் இழந்தோம். ஒவ்வொரு செங்கல்லாக அடுக்கித் திரும்பப் பெற்றோம். நாய் வால் நிமிர்ந்ததா என்று கேட்காதீர்கள். எங்களைக் கண்டால் அது இப்போது ஆடுகிறது. அதுவே போதும்!