ஜலதோஷமும் கோவிட் நோயும்

மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் நம் கிராமங்களில் மூக்கு ஒழுகாத வீடு இல்லை எனலாம். ஜலதோஷத்தை நாம் ஒரு வியாதியாகவே எண்ணுவதில்லை. சுக்குக் கஷாயம் குடித்துவிட்டுத் தறியில் அமர்கிறோம். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கழனிக்குச் செல்கிறோம். சில நாட்களில் அது தானே அகன்றுவிடுகிறது. ஆனால் 2020-ஆம் ஆண்டு முதல், அதே தும்மலோடும் தொண்டை வலியோடும் தொடங்கக்கூடிய கோவிட் என்னும் மற்றொரு நோயும் நம்மிடையே இருந்துவருகிறது. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை யாது, ஐயம் நேரும்போது செய்யத்தக்கது யாது என்பவற்றை நம் அங்கத்தினர்கள் அனைவரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

காரணம்

ஜலதோஷம் ஒரே கிருமியால் உண்டாவதன்று. இருநூறுக்கு மேற்பட்ட வைரஸ்கள் அதனைத் தோற்றுவிக்கின்றன. அவற்றுள் ரைனோ வைரஸ் என்னும் இனமே முதன்மையானது. அந்த ஓர் இனத்திலேயே 160-க்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒரு வகையை எதிர்க்கும் சக்தியை உடல் பெற்றாலும், அடுத்த ஆண்டு வேறொரு வகை வந்து பற்றுகிறது. ஜலதோஷத்திற்கு இன்றளவும் தடுப்பூசி இல்லாமைக்கு இதுவே முக்கிய காரணமாகும்.

ஜலதோஷத்தை உண்டாக்குவனவற்றில் கொரோனா வைரஸ்கள் நான்கும் அடங்கும். நுண்நோக்கியில் ஒளிவட்டம் சூழ்ந்ததுபோல் தோன்றியமையால் இவ்வினத்திற்கு 1968-இல் அப்பெயர் இடப்பட்டது. இதே இனத்தைச் சேர்ந்த புதியதொரு வைரஸ் 2019-ஆம் ஆண்டின் இறுதியில் சீன தேசத்து வூஹான் நகரில் வெளிப்பட்டது. அது உண்டாக்கும் நோயே கோவிட். ஆகவே உறவுமுறை உண்டெனினும் குணம் வேறு. ஜலதோஷக் கிருமி பெரும்பாலும் மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிடுகிறது. கோவிட் கிருமியோ நுரையீரலின் ஆழம்வரை செல்ல வல்லது. அங்குள்ள நுண்ணிய காற்றறைகள் வீங்கி நீர் கோத்துக்கொண்டால், பிராணவாயு ரத்தத்தில் கலப்பது தடைப்படுகிறது. சிலருக்கு ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்து, இருதயமும் மூளையும் பாதிக்கப்படுவதுண்டு.

குறிகள்

ஜலதோஷம் கிருமி புகுந்த ஒன்று முதல் மூன்று நாட்களில் தோன்றும். தும்மலும் மூக்கு ஒழுகுதலும் மிகுந்திருக்கும். பெரியவர்களுக்குக் காய்ச்சல் அரிது. கோவிட் இரண்டு முதல் பதினான்கு நாட்களுக்குள் தோன்றும். காய்ச்சல், வறட்டு இருமல், உடல்வலி, மிகுந்த அசதி ஆகியவை அதில் கூடுதலாகக் காணப்படும். 2020, 2021 ஆண்டுகளில் மூக்கு அடைபடாமலே மணமும் சுவையும் அற்றுப்போதல் அதன் தெளிவான அடையாளமாக இருந்தது. ஒமிக்ரான் வகை பரவிய பின்னர் அவ்வடையாளம் குறைந்து, தொண்டை வலியும் மூக்கு ஒழுகுதலுமே மிகுந்துவிட்டன. ஆதலால் இன்று குறிகளை மட்டும் கொண்டு இன்ன நோய் என்று உறுதியாகக் கூறுதல் வைத்தியருக்கும் இயலாது. பரிசோதனை ஒன்றே வழி. விரைவுப் பரிசோதனையில் கிருமி இல்லையென்று வந்தும் குறிகள் நீடிக்குமாயின், இரண்டு நாட்கள் கழித்து மீண்டும் பார்த்தல் நலம்.

பஞ்சுத் தூசியாலும் நெல் தூற்றும் தூசியாலும் தும்மலும் இருமலும் வருவதுண்டு. அவற்றில் பெரும்பாலும் காய்ச்சல் இராது. கண்ணும் மூக்கும் அரிக்கும். தூசியை விட்டு அகன்றால் பெரும்பாலும் தணியும்.

நோய் நடக்கும் போக்கிலேயே முக்கியமான வேற்றுமை உள்ளது. ஜலதோஷம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சமடைந்து, பின் படிப்படியாகக் குறையும். கோவிட் கண்டவரில் சிலருக்கோ, குணமாகி வருவதுபோல் தோன்றிய பின்னர், ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையே நிலைமை திடீரென மோசமாகிறது. மூச்சுத் திணறல் தெரியாமலே ரத்தத்தில் பிராணவாயு குறைதலும் உண்டு. விரலில் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கருவியில் அளவு 94-க்குக் கீழ் இறங்கினாலும், மூச்சு வாங்கினாலும், மார்பில் வலியோ மனக் குழப்பமோ காணப்பட்டாலும், ஒரு பொழுதும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

யாருக்கு அபாயம்?

தடுப்பூசியாலும் முன்னர் நோய் கண்டு தேறியதாலும், இன்று பெரும்பாலோருக்குக் கோவிட் ஜலதோஷத்தைப் போலவே வந்து போகிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே 5-ஆம் தேதி அவசர நிலை முடிந்ததாக அறிவித்தது. நோய் முடிந்ததாக அறிவிக்கவில்லை. முதியோர், நீரிழிவுக்காரர், இருதய நோயும் சிறுநீரக நோயும் உடையோர் ஆகியோருக்கு அபாயம் இன்னமும் மிகுதி.

இதனை நெசவாளர் வீட்டில் வைத்துப் பார்ப்போம். மகன் தறியில் நெய்கிறான். அதே அறையில் வயது முதிர்ந்த தாயார் ராட்டையில் தார் சுற்றுகிறார். காற்றில் இழை அறுமென்று ஜன்னலும் சாத்தப்பட்டிருக்கிறது. மகனுக்கு இரண்டு நாள் சளியாகக் கழியும் நோய், தாயாருக்கு உயிரைப் பறிக்கும் நோயாகலாம். குறிகள் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னரே இக்கிருமி பிறருக்குப் பரவத் தொடங்குகிறது. தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடும்போதும், வயலில் நாற்று நடும்போதும் அபாயம் குறைவு. மூடிய அறையிலும் நெரிசலான சந்தையிலும் மிகுதி. 2020-இல் சென்னைக் கோயம்பேடு மொத்த அங்காடியில் பரவிய நோய், அங்கு சென்று திரும்பிய தொழிலாளரோடும் வியாபாரிகளோடும் கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை சென்றதும், மே 5-ஆம் தேதி அங்காடியே மூடப்பட்டதும், விளைந்த காய்கறியை விற்க இடமின்றி விவசாயிகள் தவித்ததும் நாம் மறக்கத்தக்கவை அல்ல.

செய்யத்தக்கவை

சளியோ காய்ச்சலோ கண்டவுடன், காரணம் தெரியும்வரை கோவிட் என்றே கருதி முகக்கவசம் அணிந்து, முதியோரிடமிருந்து விலகியிருத்தல் வேண்டும். ஜன்னல்களைத் திறந்துவைக்க வேண்டும். கஷாயமும் ஆவி பிடித்தலும் சுகம் தரலாம். கிருமியை அவை அழிப்பதில்லை. ஆண்டிபயாடிக் மாத்திரைகள் வைரஸை ஒன்றும் செய்யா. டெக்ஸாமெதாசோன் என்னும் மருந்து, பிராணவாயு தேவைப்படும் நோயாளிகளின் உயிரைக் காப்பதாக 2020-இல் இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆராய்ச்சி காட்டியது. பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் காணப்படவில்லை; மாறாகத் தீங்கு நேரக்கூடும். அதனை நாமே கடையில் வாங்கி உண்பது தகாது.

இவையெல்லாம் அறிந்தும் ஏன் மறைக்கிறோம்? நெய்தால்தான் கூலி, பறித்தால்தான் விலை. மூன்று நாள் படுத்தால் அடுப்பெரியாது என்ற அச்சமே, 'வெறும் சளிதான்' என்று நம்மைச் சொல்லவைக்கிறது. இந்த அச்சத்தைத் தனியொருவரால் நீக்க இயலாது, சங்கத்தால் இயலும். நோயுற்ற அங்கத்தினருக்குத் துணி ஒப்படைக்கும் தவணையை நீட்டித்தல், அவர் விளைபொருளை அயலார் வண்டியில் ஏற்றி அனுப்புதல், சங்க அலுவலகத்தில் ஓர் ஆக்ஸிமீட்டர் வாங்கிவைத்து இரவல் தருதல் ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. அடுத்த பொதுக்குழுவில் இவற்றை அங்கத்தினர்கள் ஆலோசித்து முடிவு செய்வார்களாக.