ஆறாத எண்ணெயும் அவசர பாட்டிலும்

கேள்வி: தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டு முடிக்க இரவு பதினொரு மணி ஆகிவிட்டது. வாணலியில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் மிச்சம். அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் ஆகியிருந்ததால் ஆறியிருக்கும் என்று நினைத்து, காலித் தண்ணீர் பாட்டிலில் புனல் வைத்து ஊற்றினேன். பாதி நிறைவதற்குள் பாட்டில் சுருங்கிச் சாய்ந்துவிட்டது. எண்ணெய் மேடையில் வழிந்து என் பாதத்திலும் கொட்டியது. தரையில் தண்ணீர் ஊற்றினால் சடசடவென்று தெறித்தது. மாமியார் காலில் பற்பசை தடவிவிட்டார். வாணலியின் அடிக்கசடை சிங்கில் கொட்டிக் கழுவினேன். மறுநாளே சிங்க் அடைத்துக்கொண்டது. நான்கு நாளாகியும் காலில் கொப்புளம் உடைந்து நீர் கசிகிறது. மிச்சமிருக்கும் அரை லிட்டர் எண்ணெயைக் கொட்டவும் மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, சிங்கும் எண்ணெயும் அப்புறம் இருக்கட்டும், முதலில் உங்கள் கால். இதைப் படித்ததும் மருத்துவரிடம் காட்டுங்கள். பாதம், கை, முகம், மூட்டு ஆகிய இடங்களில் சுட்டுக்கொண்டால், காயம் சிறிதாக இருந்தாலும் வீட்டு வைத்தியத்தோடு விடக்கூடாது. சர்க்கரை நோய் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். தடுப்பூசி போட வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமியார் பதறிப்போய், தெரிந்த வைத்தியத்தைச் செய்திருக்கிறார். ஆனால் பற்பசை, மாவு, வெண்ணெய், பேனா மை எதுவும் தீப்புண்ணுக்கு ஆகாது. அவை சூட்டை வெளியே விடாது. புண்ணில் கிருமி சேரவும் வழியாகும். எண்ணெய் பட்டவுடன் குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காலைக் காட்ட வேண்டும். ஐஸ் வைக்கக்கூடாது. கால் வீங்குவதற்கு முன்பே மெட்டியையும் கொலுசையும் கழற்றிவிட வேண்டும். வீங்கிய பிறகு மெட்டியை வெட்டித்தான் எடுக்க நேரிடும். துணி தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்கக்கூடாது. கொப்புளத்தை நாமாக உடைக்கவும் கூடாது.

பாட்டில் ஏன் சுருங்கியது? தண்ணீர் சூடாக இருந்தால் கொதிக்கும், ஆவி வரும், பார்த்தாலே தெரியும். எண்ணெய் தன் சூட்டைக் காட்டாது. முறுக்கு வேகும்போது அது 170 முதல் 190 டிகிரி வரை இருக்கிறது. முறுக்கை எடுத்ததும் நுரை அடங்கிவிடும், சூடு அடங்காது. கனமான இரும்பு வாணலி என்றால் இன்னும் மெதுவாகத்தான் ஆறும். தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்கோ 80 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும். கண்ணாடி பாட்டிலாக இருந்திருந்தால் விரிசல் விட்டிருக்கும். உங்கள் எண்ணெய் பத்து நிமிடம் கழித்தும் நூறு டிகிரிக்கு மேலேயே இருந்திருக்கிறது. தரையில் தண்ணீர் பட்டதும் தெறித்ததே அதற்குச் சாட்சி.

அந்தத் தெறிப்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகும். தரையில் எண்ணெய் மெல்லிசாகப் பரவியிருந்ததால் சடசடப்போடு தப்பித்தீர்கள். வாணலியில் எண்ணெய் தீப்பிடித்து எரியும்போது தண்ணீர் ஊற்றினால், அந்தத் தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரைவரை தூக்கி வீசும். எண்ணெய் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து, பொருத்தமான தட்டால் வாணலியை மூடுங்கள். பிறகு அதைத் தொடவோ நகர்த்தவோ வேண்டாம். தீ கைமீறினால் எல்லோரும் வெளியேறி 101-க்கு அழையுங்கள்.

தரையில் எண்ணெய் கொட்டினால் யாரும் அதில் கால் வைக்காமல் பார்த்துக்கொண்டு, ஆறியதும் கோலமாவையோ மரத்தூளையோ தாராளமாகத் தூவுங்கள். மாவு எண்ணெயைக் குடித்துக் கட்டியானதும் அட்டையால் வழித்தெடுங்கள். சோப்புத் தண்ணீர் அதற்குப் பிறகுதான்.

இனி சிங்க். அரிசி மாவுக் கசடும் எண்ணெயும் சேர்ந்தால் களி மாதிரி குழாயில் அப்பிக்கொள்ளும். வெந்நீர் ஊற்றினால் அந்தப் பிசுக்கு இளகிக் கொஞ்சம் தள்ளிப்போய், ஆறியதும் அங்கே படியும். அடைப்பு உங்கள் கைக்கு எட்டாத இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். காஸ்டிக் பொடியையும் இப்போது கொட்டாதீர்கள். அது எண்ணெயோடு சேர்ந்து சோப்புக்கட்டியாக இறுகலாம், தண்ணீரோடு சூடேறிக் கண்ணில் தெறிக்கவும் செய்யலாம். சிங்குக்கு அடியில் குப்பி மாதிரி ஒரு பகுதி இருக்கும். கீழே வாளியை வைத்துவிட்டு அதைத் திருகிக் கழற்றுங்கள். பெரும்பாலும் கசடு அங்கேதான் உட்கார்ந்திருக்கும். வழித்தெடுத்து, கழுவி மாட்டுங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

எண்ணெய் குழாயைத் தாண்டிப் போனாலும் தொல்லை தீராது. செப்டிக் டேங்க்கில் மேலே ஏடாகத் திரளும். பாதாளச் சாக்கடையில் குப்பையோடு சேர்ந்து இறுகும். லண்டனில் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் 2017-ல் இப்படி இறுகிய கொழுப்புப் பாறை 250 மீட்டர் நீளமும் சுமார் 130 டன் எடையும் இருந்தது. வீடுகளும் கடைகளும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியதுதான் அவ்வளவும்.

மிச்ச எண்ணெயைக் கொட்ட மனசு வராதது நியாயமே. கடலை எண்ணெய் விற்கிற விலை அப்படி. அது தெளிவாக இருந்து, காறல் வாடையும் இல்லையென்றால், நன்றாக ஆறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, ஈரமில்லாத எவர்சில்வர் தூக்கில் மூடி வையுங்கள். சில நாட்களுக்குள் தாளிக்கவும் பொரியலுக்கும் தீர்த்துவிடுங்கள். மறுபடி பலகாரம் சுட வேண்டாம். புது எண்ணெயில் கலக்கவும் வேண்டாம். கறுத்து, கொழகொழத்து, சிறு தீயிலேயே புகைந்தால் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது உடலுக்கு ஒவ்வாத போலார் சேர்மங்கள் பெருகுகின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நாடெங்கும் நடப்பில் இருக்கிறது. வீட்டில் அளந்து பார்க்க முடியாது. கண்ணையும் மூக்கையும்தான் நம்ப வேண்டும்.

ஒதுக்கிய எண்ணெயைப் பழைய செய்தித்தாளிலோ மரத்தூளிலோ ஊறவிட்டு, மூடியுள்ள டப்பாவில் அடைத்துக் குப்பையில் சேருங்கள். பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் தயாரிக்கும் ‘ரூகோ’ திட்டத்தையும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே தொடங்கிவிட்டது. உங்கள் பகுதியில் வீடுகளிலும் வாங்குகிறார்களா என்று விசாரியுங்கள். யாரென்று தெரியாமல் விலைக்கு வாங்க வருபவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அது இன்னொரு சட்டிக்குப் போய், வேறொரு வீட்டுக் குழந்தையின் தட்டில் பஜ்ஜியாக வரக்கூடும்.

அடுத்த முறை பலகாரம் சுட்டு முடித்ததும் அடுப்பை அணைத்து, வாணலியை அசைக்காமல், தட்டால் மூடிவிட்டுத் தூங்கப் போங்கள். குழந்தைகள் எழுந்து வருவார்கள் என்றால் சமையலறைக் கதவையும் சாத்திவிடுங்கள். எண்ணெயை விடிந்த பிறகு எடுத்து வைத்துக்கொள்ளலாம்.