மறதிநோயும் பத்திரங்களும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வீட்டில் ஒருவருக்கு மறதிநோய் என்று மருத்துவர் சொன்ன கையோடு, பார்க்க வரும் உறவினர்களிடமிருந்து சட்ட யோசனைகளும் வரத் தொடங்கிவிடும். எல்லாம் நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அவற்றில் பல தவறானவை. தவறு என்று தெரியவரும் நாளில், திருத்திக்கொள்ளும் நிலையில் பெற்றோர் இருப்பதில்லை. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனப்படும் இந்த மறதிநோய் இருக்கலாம் என 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. அத்தனை வீடுகளிலும் இந்தப் பேச்சு நடக்கிறது.

"டாக்டரே எழுதிட்டார். இனி அம்மா போடுற கையெழுத்து எதுவும் செல்லாது."

செல்லும், அவருக்குப் புரிந்திருந்தால். மனநோய் இருப்பதாகக் கண்டறிந்ததை மட்டும் வைத்து ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக் கூடாது. அதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் இதே பார்வை கொண்டதுதான். வழக்கமாகத் தெளிவில்லாதவரும், தெளிவாக இருக்கும் நேரத்தில் ஒப்பந்தம் செய்யலாம். உயிலுக்கும் இந்த விதி பொருந்தும்.

நோயின் தொடக்கத்தில் இருப்பவருக்கு நேற்றைய சாப்பாடு மறந்திருக்கலாம். தன் வீடு யாருக்குப் போக வேண்டும் என்பது மறந்திருக்காது. கையெழுத்திடும் நேரத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை இவைதான்: எந்தச் சொத்து, யாருக்கு, இதனால் என்ன ஆகும். பலருக்குக் காலை வேளையில் தெளிவு கூடுதலாக இருக்கும். பத்திரப் பதிவுக்கு அந்த நேரத்தையே கேட்டு வாங்குங்கள். அன்றைய தேதியிட்டு, மருத்துவரிடம் ஒரு சான்றும் வாங்கிவையுங்கள். எதிரே இருப்பவர் சித்த சுவாதீனம் இல்லாதவராகத் தெரிந்தால் சார்பதிவாளர் பதிவு செய்ய மறுத்தாக வேண்டும். நடமாட முடியாதவர் என்றால் காரணம் காட்டி, கட்டணம் கட்டி, சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைக்கவும் சட்டத்தில் வழியுண்டு.

"பவர் எழுதி வாங்கியாச்சு, இனி கவலையில்லை."

என்னைக் கேட்டால், மிகப் பெரிய சேதத்தை உண்டாக்கும் நம்பிக்கை இதுதான். பவர் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்தப் பவர் அத்தோடு முடிந்துவிடுகிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. பதிவு செய்த பவரானாலும் இதே கதிதான். அப்பாவால் முடியாமல் போகும் காலத்துக்கு என்று நினைத்து வாங்கிவைத்த தாள், சரியாக அந்தக் காலத்தில்தான் உயிரற்றுப்போகிறது.

சிங்கப்பூரிலோ இங்கிலாந்திலோ வாழும் பிள்ளைகள் இதை நம்ப மறுப்பார்கள். அங்கே, நினைவு போன பிறகும் நீடிக்கும் வகையிலான பவரைச் சட்டமே தருகிறது. இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை. கால் வலியால் வங்கிக்குப் போக முடியாத, ஆனால் மனம் தெளிவாக உள்ள பெற்றோருக்குப் பவர் நல்ல உதவி. அந்தத் தெளிவு போன பின்னும், விஷயத்தை மறைத்து அதே பவரில் மனையை விற்றால், மற்ற வாரிசுகள் நீதிமன்றத்துக்குப் போக நாமே வழி அமைத்துக் கொடுத்தவர்கள் ஆவோம்.

"நாமினி என் பேர்தான், பணத்தை எடுத்துக்கலாம்."

நாமினியின் வேலை தொடங்குவதே கணக்குக்காரரின் மறைவுக்குப் பிறகுதான். உயிரோடு இருக்கும் அம்மாவின் மருத்துவச் செலவுக்கு அதனால் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. மறைவுக்குப் பிறகும் வங்கி வைப்புகளிலும் பங்குகளிலும் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே; சட்டப்படியான வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கும். பங்குகள் விஷயத்தில் இதை உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் உறுதி செய்தது.

அன்றாடச் செலவுக்கு உதவுவது, இருவரில் எவரும் இயக்கலாம் என்ற வகைக் கூட்டுக் கணக்கு. அதை அம்மா தெளிவாக இருக்கும்போதே, அவர் கையெழுத்தில்தான் மாற்ற முடியும். இதிலும் பலருக்குத் தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. இப்படிக் கூட்டாகப் போட்ட எஃப்.டி.யை முதிர்வுக்கு முன்பே உடைக்க வேண்டுமென்றால் இருவர் கையெழுத்தையும் வங்கி கேட்கலாம். ஆகவே எல்லாப் பணத்தையும் நீண்ட கால எஃப்.டி.யில் முடக்காதீர்கள். கணக்கில் நம் பெயர் சேர்ந்துவிட்டாலும் பணம் அவருடையது. எடுத்த தொகையை ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். அண்ணன் தம்பிகளுக்குள் பேச்சு நிற்காமல் இருக்க அது போதும். அம்மாவின் ஏ.டி.எம். கார்டையும் பின் எண்ணையும் வைத்துக் காலம் தள்ளுவதை எந்தச் சட்டமும் அதிகாரமாக ஏற்பதில்லை.

"கையெழுத்து வராட்டி என்ன, கைநாட்டு வாங்கிடலாம்."

உடல் தளர்ந்து கையெழுத்திட முடியாதவர்களுக்காக வங்கிகளில் கைநாட்டு முறை இருக்கிறது. இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரி. இது கை நடுங்குபவருக்கான ஏற்பாடு. எதில் கைநாட்டு வைக்கிறோம் என்றே தெரியாதவரின் விரலைப் பிடித்து மையில் ஒற்றுவது வேறு விஷயம். உள்ளடக்கம் புரியாத மனநிலையில் இருப்பவரை வஞ்சகமாகக் கையொப்பமிட வைப்பது, பாரதிய நியாய சன்ஹிதாவின்படி பொய் ஆவணம் உருவாக்குவதில் சேரும். "வீட்டுக்குள்ளதானே" என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

"பதிவு பண்ணாத உயில் வெறும் காகிதம்."

இல்லை. உயிலுக்கு முத்திரைத்தாளும் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் முறையாக இருந்தால் போதும். அதே சமயம், பதிவு செய்த உயிலையும் நீதிமன்றம் ஒதுக்க முடியும். சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை இருந்தால், அதைப் போக்க வேண்டிய பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவருடையது என்று 1959-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோயாளியின் உயிலில் பெரும்பங்கு பெறும் பிள்ளையே வக்கீலை ஏற்பாடு செய்து, பக்கத்தில் நின்று எழுதவைப்பது அப்படிப்பட்ட சூழ்நிலைதான். விலகி நில்லுங்கள். மருத்துவர் ஒருவரைச் சாட்சியாக்குங்கள்.

"உயிலெல்லாம் எதுக்கு? இப்பவே செட்டில்மென்ட் எழுதி வாங்கிடலாம்."

இந்த அவசரத்தை நான் எதிர்க்கிறேன். உயில், எழுதியவரின் மறைவுக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். அதுவரை மாற்றி எழுதலாம். செட்டில்மென்டில் உரிமை உடனே கை மாறுகிறது. இன்னும் பல ஆண்டுகள் பராமரிப்பும் செலவும் தேவைப்படப்போகிற ஒருவரின் கையில் இருக்கும் ஒரே வீட்டை இப்போதே வாங்கிக்கொள்வது யாருக்கு நன்மை? பிள்ளையின் கடன், மணமுறிவு, அகால மரணம் என்று எது வந்தாலும் அந்த வீடு அதில் சிக்கும்.

எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், பெற்றோருக்கு ஆயுட்கால அனுபவ உரிமையையும், அவரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை அணுகலாம். 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. எழுத்தில் நிபந்தனை இல்லாத பத்திரங்களிலும் சில தீர்ப்புகள் பெற்றோருக்குச் சாதகமாக வந்திருக்கின்றன. அந்தச் சலுகையை நம்பி நிபந்தனையை விட்டுவிடாதீர்கள்.

"முழுசா நினைவு போயிட்டா, மூத்த பையன்தானே பொறுப்பு?"

வயது வந்த ஒருவருக்கு இயற்கைக் காப்பாளர் என்று சட்டத்தில் யாருமில்லை. மகனும் இல்லை, மனைவியும் இல்லை. சிகிச்சை முடிவுகளுக்கு, மனநலப் பராமரிப்புச் சட்டம் நியமனப் பிரதிநிதி ஒருவரை அனுமதிக்கிறது. ஆனால் அவர் சொத்தைத் தொட முடியாது. சொத்துக்கு மேலாளரை நியமிக்கும் வழி 1987-ஆம் ஆண்டின் பழைய மனநலச் சட்டத்தில் இருந்தது. புதிய சட்டம் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறது. குடும்பங்கள் இன்றும் தவிப்பது இதனால்தான்.

இப்போது இருக்கும் வழிகள் இரண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 14-ஆவது பிரிவு, வரையறுக்கப்பட்ட காப்பாளரை நியமிக்க வழி தருகிறது. இந்தக் காப்பாளர் நோயாளிக்குப் பதிலாக எல்லாவற்றையும் தீர்மானிப்பவர் அல்ல. அவருடைய விருப்பத்தை ஒட்டி, அவரோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டியவர். மற்றொன்று உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம், கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை விற்று அவரைப் பார்த்துக்கொள்ள மனைவியைக் காப்பாளராக நியமித்து, விற்ற பணத்தில் ஒரு பகுதியைக் கணவர் பெயரிலேயே வைப்பாக வைக்கச் சொன்னது.

மனுவோடு மருத்துவ அறிக்கைகள், சொத்து ஆவணங்கள், மாதச் செலவுக் கணக்கு, மற்ற வாரிசுகளின் ஒப்புதல் ஆகியவற்றை வைத்தால் வேலை விரைவாகும். வக்கீல் கட்டணம் பாரமென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு அங்கே சட்ட உதவி இலவசம். தொலைபேசி எண் 15100.