கிரவுட்டுக்குள் ஒளியும் துரு

போஸ்ட் டென்ஷன் பாலங்களில் கான்கிரீட் இறுகிய பிறகே கம்பிகளை இழுக்கிறார்கள். உள்ளே விட்டுவைத்த குழாய்களில் கம்பிக் கற்றைகளைக் கோத்து, ஜாக்கியால் இழுத்து, முனைகளில் ஆப்பு இறுக்கி, மீந்த இடத்தில் சிமென்ட் கிரவுட்டைப் பம்ப் செய்வது முறை. பாலத்தைத் தாங்குவது கற்றை; கற்றையைத் துருவிலிருந்து காப்பது கிரவுட்.

மறுமுனையில் கிரவுட் வழிந்தால் குழாய் நிறைந்துவிட்டது என்பது பரவலான நம்பிக்கை. அந்த நிமிடத்துக்கு அது சரிதான். பிறகு சிமென்ட் கீழே படிய, நீர் மேலே பிரிகிறது. கற்றையின் ஒவ்வொரு ஸ்ட்ராண்டும் ஏழு கம்பிகளை முறுக்கிச் செய்தது. கம்பிகளுக்கிடையே உள்ள இடுக்குகள், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்த நீரை மேலேற்றுகின்றன. தூண்களுக்கு மேலும் முனைகளிலும் குழாய் உயரும் இடங்களில் அது தேங்குகிறது. நாளடைவில் நீர் வற்றும், வெற்றிடம் மிஞ்சும். அங்கே எஃகு, சிமென்ட்டின் காரப் போர்வை இல்லாமல் கிடக்கிறது. ஈரமும் காற்றுமே அதைத் துருவேற்றப் போதும். 1993-இல் திறந்த ஃபுளோரிடாவின் மிட்-பே பாலத்தில் 2000-இல் 11 கற்றைகளை மாற்ற வேண்டியதாயிற்று.

விரிசலும் துருக்கறையும் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் என்பது இன்னும் ஆபத்தான நம்பிக்கை. சாதாரணக் கான்கிரீட்டில் துரு உப்பி மேற்பரப்பைப் பிளக்கும். குழாய்க்குள் கம்பி ஓசையின்றி இளைக்கும். 1953-இல் கட்டிய வேல்ஸின் இனிஸ்-இ-குவாஸ் பாலம் 1985 டிசம்பர் 4 அன்று முன்னறிகுறி எதுவுமின்றி விழுந்தது. பனியுருக்கத் தூவிய உப்பு, பாலத்தின் கான்கிரீட் துண்டுகளுக்கிடையிலான இணைப்புகள் வழியே கற்றைகளை எட்டியிருந்தது. 1992-இல் பிரிட்டன் இவ்வகைப் புதிய பாலங்களை நிறுத்திவைத்தது. 1996-இல்தான் தடை தளர்ந்தது, அதுவும் எல்லா வகைக்கும் அல்ல.

நீர் பிரியாத ஆயத்தக் கிரவுட் மூட்டை வந்தபின் கவலையில்லை என்றும், உப்பு இல்லாவிட்டால் துரு இல்லை என்றும் சொல்வதுண்டு. இரண்டையும் ஒருசேரப் பொய்யாக்கியது ஃபுளோரிடாவின் ரிங்ளிங் பாலம். 2003-இல் திறந்த அதில் 2011-இல் இரண்டு கற்றைகள் அறுந்தன. குழாயைத் திறந்தால் உள்ளே வெற்றிலைச் சுண்ணாம்புபோல் ஈரமான, இறுகாத கிரவுட். உப்பிலிருந்து வரும் குளோரைடு சொற்பம், சல்பேட்தான் மிகுந்திருந்தது. கலவை சரியாக ஓடவில்லை என்று தளத்தில் ஊற்றும் கூடுதல் தண்ணீரும், ஈரம் ஏறிய பழைய மூட்டையும் இப்படிப் பிரிவதற்கு வழிவிடும். ஒரு வாளித் தண்ணீரை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

கற்றை வெளியே ஓடும் பிளாஸ்டிக் குழாயில் இருந்தால் தட்டிப் பார்த்தே வெற்றிடத்தை ஊகிக்கலாம். கான்கிரீட்டுக்குள் புதைந்த உலோகக் குழாயை ரேடாராலும் ஊடுருவ முடியாது. உயரமான இடத்தில் துளையிட்டு, போர்ஸ்கோப் என்னும் மெல்லிய குழாய்க் கேமராவை நுழைத்துப் பார்ப்பதே உறுதியான வழி.